என்ன கோக் வேணும்?

பிளம்மர் கோலா என்றாலே டெல்மர் ஸ்பைவிக்குக் குமட்டும். ஜார்ஜியாவின் ரோடுகளில் தலை நரைக்கும் வரை கோக் லாரி ஓட்டியவர் அவர். போட்டிக் கம்பெனியான பிளம்மரின் சிவப்புத் தண்ணீரை ஒரு சொட்டுக்கூட நாக்கில் விட்டதில்லை. அதற்கு இப்போது ஒரு அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள், ஊர்த் தேவாலயத்தை விடப் பெரிதாக. குடித்துவிட்டுத் தூக்கி எறிகிற பாட்டிலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போட்டிருந்தார்கள். அதைப் பார்க்க டிக்கெட் வேறு. சீ!

வந்தது மகள் ட்வைலாவுக்காக. இங்கே சுற்றிக் காட்டுகிற வேலையில் சேர்ந்திருந்தாள், அதுவும் தற்காலிகம். இன்று மேலாளர் பிரென்னர் கூடவே நடந்து வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் வேலை நிரந்தரம். பேரனின் இன்சுலினுக்குக் காப்பீடும் கிடைக்கும். மழையில் ஆள் சேராது என்று பயந்துபோய்க் காலையில் அப்பாவுக்குப் போன் செய்திருந்தாள்.

"டாடி, வந்து கும்பலோட கும்பலா நில்லுங்க, போதும். வாயை மட்டும் தொறந்துடாதீங்க."

அதனால் வாயைத் திறக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். முதல் அறையில் நிறுவனர் எமர்சன் பிளம்மரின் பல் தேய்க்கும் பிரஷ் இருந்தது. ஊரான் பல்லையெல்லாம் சொத்தையாக்கியவன் தன் பல்லை மட்டும் ஒழுங்காகத் தேய்த்திருக்கிறான். அடுத்த அறையில் இரும்புப் பெட்டகம், புகை, ஊதா வெளிச்சம். ரகசியச் செய்முறை அதற்குள் இருக்கிறதாம். சர்க்கரையும் தண்ணீரும் கலக்கிறதில் என்ன மண்ணாங்கட்டி ரகசியம்? ஒரு தடியன் அந்தப் பெட்டகத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டான். இவனையெல்லாம் பெற்றவள் என்ன பாவம் செய்தாளோ.

ட்வைலா மட்டும் அழகாகப் பேசினாள். கூட்டம் சிரித்தது, பிரென்னரே இரண்டு முறை சிரித்தார். இவ்வளவு நல்ல குரலை இந்தக் குப்பைக்குச் செலவழிக்கிறாளே என்று டெல்மருக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் பெருமையாகவும் இருந்தது.

கடைசியாக ருசி பார்க்கும் கூடத்துக்கு வந்தார்கள். குழாய் குழாயாகப் பிளம்மர் ரகங்கள். கண்டம் தாண்டிவிட்ட நிம்மதியில் ட்வைலா கைதட்டிக் கூப்பிட்டாள்.

"வாங்க வாங்க! யார் யாருக்கு என்ன கோக் வேணும்?"

ஜார்ஜியாக்காரர் வாயில் குளிர்பானம் எதுவானாலும் கோக்தான். கூட்டத்தில் யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை. ஒரு குண்டு அம்மாள், "எனக்குத் திராட்சை கோக் குடும்மா" என்று கிளாசை வேறு நீட்டினாள்.

பிரென்னர் ஒஹையோக்காரர். அந்த ஊரில் இதற்குப் பெயரே 'பாப்'. அவர் முகம் சுண்டிவிட்டது. போட்டிக் கம்பெனியின் பெயர், அதுவும் பிளம்மர் கூரைக்குக் கீழே!

"இப்ப என்ன சொன்னே?" என்றார்.

டெல்மர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்லய்யா. நான்தான் பின்னாலயே நின்னு கோக் எங்க, கோக் எங்கன்னு நச்சரிச்சுக்கிட்டே வந்தேன். நான் கோக் லாரி ஓட்டினவன். உங்க சாக்கடைத் தண்ணி எவனுக்கு வேணும்?"

கடைசி வாக்கியத்தைச் சொன்னதில் அவருக்கு வயிறு குளிர்ந்தது. காலையிலிருந்து தொண்டையில் நின்றது அது.

பிரென்னர் ட்வைலா பக்கம் திரும்பினார். "இந்த ஆள் யாரு? உனக்குத் தெரிஞ்சவரா?"

ட்வைலா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிரென்னரைப் பார்த்தாள்.

"தெரியாது சார். வந்ததுலேருந்து ஒரே தொந்தரவு. குடிச்சிருக்காருன்னு நினைக்கிறேன்."

டெல்மர் பாப்டிஸ்ட் சபையில் டீக்கன், குடியைப் பாவம் என்கிற சபையின் பொறுப்பாளர். ஆயுளில் ஒரு மடக்கு பீர் குடித்தவரில்லை. தெரியாது என்றதைக்கூட அவரால் தாங்கிக்கொள்ள முடிந்தது. அடுத்ததைக் கேட்டபோது நெஞ்சு எரிந்தது.

காவலாளி வந்து கையைப் பிடித்தான். "நல்லா சமாளிச்சேம்மா" என்று பிரென்னர் அவள் தோளில் தட்டுவது காதில் விழுந்தது. அப்பாடா, வேலை நிலைத்துவிட்டது.

மகள் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று டெல்மர் வாசல் வரைக்கும் தள்ளாடிக்கொண்டே நடந்தார்.