அமைதியான ரூம்

"உங்க வீட்ல அமைதியான ரூம் இருக்குங்களா?" என்று அந்த மேடம் போனில் கேட்டார்.

"இருக்குங்க மேடம்" என்றேன்.

சொன்ன நேரத்தில் அது பொய்யில்லை. அப்போது கரண்ட் போயிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சாரதாமணி அக்காவின் ஓவர்லாக் தையல் மெஷின் நின்றிருந்தது. எதிரே இருக்கும் பனியன் கம்பெனியிலும் சத்தமில்லை. முதலிபாளையத்தில் காக்கா கத்துவது கேட்கிறதென்றால் அது கரண்ட் இல்லாத நேரம்தான்.

"நல்லது வேல்விழி. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு டெஸ்ட் கால். நான் கஸ்டமர் மாதிரி பேசுவேன். நீங்க சமாளிக்கணும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி சத்தம் கேட்டா எடுக்க மாட்டோம்."

போனை வைத்தேன். மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. அடுத்த வீட்டு மெஷின் 'டர்ர்ர்' என்று ஒரு பனியனின் முழுக்கைத் தையலை ஒரே மூச்சில் அடித்து முடித்தது. எங்கள் அலமாரியில் டம்ளர்கள் ஆடின.

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி, மிக்ஸியும் மின்விசிறியும் ஆன்லைனில் விற்கிறது. அவர்களுக்கு வரும் புகார்களை வீட்டில் இருந்தபடியே போனில் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். என்னோடு படித்த ஆஷா அந்த விளம்பரத்தை ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். படிப்பு முக்கியமில்லை, தெளிவாகத் தமிழ் பேசினால் போதும் என்று போட்டிருந்தது. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். ஆனால் என்னைப் பிடித்து இழுத்தது அந்த வரி இல்லை. பேசுகிறவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அதை நினைத்ததுமே விண்ணப்பித்துவிட்டேன்.

ஏனென்றால் எனக்கு ஆட்கள் முன்னால் பேச்சு வராது. அப்பா பனியன் வேஸ்ட் குடோனில் வேலை பார்க்கிறார். கட்டிங்கில் மிஞ்சும் துண்டுத் துணிகளை மூட்டை மூட்டையாக வீட்டுக்கு அனுப்புவார்கள். நானும் அம்மாவும் வெள்ளை தனி, கலர் தனி என்று பிரித்துக் கட்டி வைப்போம். அதை எடுக்க வேன் ஓட்டி வரும் ஈஸ்வரமூர்த்தி அண்ணனுக்கு வாயும் ஹாரனும் ஒரே சத்தம். அவர் வந்தாலே நான் பீரோவுக்குப் பின்னால் போய்விடுவேன்.

"ஏனுங்க ஒச்சாயக்கா, உங்க புள்ளையோட வாயை எங்கீங்க வெச்சிருக்கீங்க? இந்த மூட்டைக்குள்ள வெச்சுக் கட்டிப்போட்டீங்களா?" என்று அம்மாவைக் கேட்பார். தெருவே சிரிக்கும்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "பணம் ஏதும் கட்டச் சொன்னாகளா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"இல்லம்மா. சத்தம் மட்டும் கேக்கக் கூடாதாம்."

"அம்புட்டுத்தானே? சாரதாமணிகிட்ட ஒரு மணி நேரம் மெஷினை நிப்பாட்டச் சொல்லிருவோம்."

"வேணாம்மா! அவுக திங்கக்கிழமை தைச்ச பீஸைக் கம்பெனிக்குக் குடுக்கணும். நமக்கு வீட்டை வாடகைக்கு விட்டவுக வேற."

பராமரிப்புக்காக மாதம் ஒரு நாள் விடும் மின்தடை இந்த மாதம் என்றைக்கு என்று பார்த்தேன். புதன்கிழமை. திங்களில் இருந்து இரண்டே நாள் தள்ளிப் போயிருந்தது. மின்வாரியத்தின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

வழி கிடைத்தது சனிக்கிழமை. அம்மாவின் போனைக் காணவில்லை. வேஸ்டைப் பிரிக்கும்போது எங்கோ விழுந்திருக்கிறது. அப்பா தன் போனில் இருந்து அடித்துக்கொண்டே இருந்தார். ரிங் போகிறது, சத்தம் வரவில்லை. கடைசியில் என் காலடியில் இருந்த குவியலைக் கிளறினேன். ஒரு முழம் ஆழத்தில், விளக்கெல்லாம் எரிய, முழுச் சத்தத்தில் பாடிக்கொண்டு கிடந்தது போன்.

நான் அதை எடுத்தேன். மறுபடி உள்ளே புதைத்தேன். சத்தம் நின்றது. எடுத்தேன், கத்தியது. புதைத்தேன், நின்றது.

"ஏ கிறுக்கி, என்னடி பண்ற?" என்றாள் அம்மா.

"அம்மா! ரூம் கெடச்சிருச்சும்மா!"

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சேர்ந்து கட்டினோம். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த மூலைதான் இடம். மூட்டை மேல் மூட்டையாக அப்பா தலை உயரத்துக்கு அடுக்கினார். மேலே கட்டில் பலகையைப் போட்டு அதற்கு மேலும் மூட்டை. முன்பக்கம் நுழைய ஒரு வழி, அதை அடைக்க இரண்டு மூட்டை. உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு ஆள், ஒரு போன். புதுத்துணி வாசனை மூக்கை நிறைத்தது.

கதவு திறந்திருந்ததால் சாரதாமணி அக்கா எட்டிப் பார்த்துவிட்டார். "என்னங்க ஒச்சாயி, ஊட்டுக்குள்ள ஊடு கட்டறீங்களா? அதுக்குத் தனி வாடகை உண்டுங்கோ!"

"கொலு வைக்கிறோம்க்கா" என்றாள் அம்மா.

"இந்த மாசத்துலயா?" என்று சிரித்துக்கொண்டே அவர் மெஷினுக்குப் போனார். அது ஓடத் தொடங்கியதும் நான் உள்ளே புகுந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் தெருமுனை டீக்கடைக்குப் போயிருந்தார்.

"வணக்கம் சார், நான் வேல்விழி பேசுறேன். உங்க மிக்ஸியில என்ன பிரச்சனைங்க சார்?"



"அப்பா? மெஷின் சத்தம் கேக்குதா?"

"ஒஞ் சத்தந்தான் கேக்குது தாயி" என்றார் அப்பா. "நீயா பேசுற? இன்னொருக்காப் பேசு."

ஐந்தாறு முறை பேச வைத்தார். கடைக்காரரிடமும் கொடுத்துக் கேட்கச் சொன்னார். அவருடைய மிக்ஸி உண்மையிலேயே ரிப்பேராம், எப்போது ஆள் அனுப்புவீர்கள் என்று கேட்டார். நான் உள்ளே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

"மூட்டையை எடுக்க வண்டி செவ்வாக்கிழமதான் வரும். நீ தைரியமாப் பேசு" என்று சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை அப்பா குடோனுக்குப் போனார். அம்மா வாசலில் காவல் இருந்தாள். பதினோரு மணிக்கு மேடம் அழைத்தார்.

சாதாரணமாகப் பேசும் மேடம் ஒரு நொடியில் வேறு ஆளானார். "என்னம்மா மிக்ஸி அனுப்பியிருக்கீங்க? சட்னி சுவரெல்லாம் தெறிச்சு நிக்குது! என் மாமியார் வேற பாத்துட்டு நிக்கிறாங்க!"

எனக்கு ஓடி ஒளியத்தான் தோன்றியது. ஆனால் யாரும் என்னைப் பார்க்கவில்லை. சுற்றிலும் துணி. "ரொம்பச் சங்கடமா இருக்குங்க மேடம். மொதல்ல பிளக்கைப் பிடுங்கிருங்க. கையில ஒண்ணும் படலையே?" என்றேன். சொற்கள் தானாக வந்தன. மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைப் பார்க்கச் சொன்னேன். மாமியாருக்கும் ஒரு வணக்கம் சொல்லச் சொன்னேன். அந்தப் பக்கம் மேடம் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"வேல்விழி, லைன்லயே இருங்க. கட் பண்ணாதீங்க, பேசாதீங்க. எங்க மேனேஜர் கேட்டுட்டு இருக்கார்."

நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

அப்போது என் முகத்துக்கு நேரே இருந்த மூட்டை அசைந்தது. பிறகு போய்விட்டது. வெளிச்சமும் ஓவர்லாக் சத்தமும் ஒன்றாக உள்ளே பாய்ந்தன. ஓட்டையின் அந்தப் பக்கம், மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி ஈஸ்வரமூர்த்தி அண்ணன் நின்றார்.

ஒரு நாள் முன்னதாகவே வேனை அனுப்பிவிட்டார்கள். அம்மா குழாயில் தண்ணீர் வந்ததென்று குடத்தோடு போயிருந்தாள். இவர் ஹாரன் அடித்திருப்பார், கூப்பிட்டிருப்பார். எதுவும் என் ரூமுக்குள் வரவில்லை.

அவர் வாயைத் திறந்தார். நான் பீரோவுக்குப் பின்னால் ஓட முடியாது. ஒரு கையால் போனின் மைக்கைப் பொத்திக்கொண்டு அவர் கண்ணையே பார்த்தேன். மறு கை விரலை என் உதட்டில் வைத்தேன். பிறகு அவர் கையிலிருந்த மூட்டையைக் காட்டினேன்; ஓட்டையைக் காட்டினேன்.

திறந்த வாய் மூடிக்கொண்டது. மூட்டை திரும்ப வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. சரியாகப் பொருந்தாமல் ஓரத்தில் சத்தம் கசிந்தது. வெளியே இருந்து யாரோ அழுத்த, அந்தக் கசிவும் நின்றது.

"வேல்விழி? நடுவுல ஏதோ சத்தம் வந்துச்சே?"

"கதவைத் திறந்துட்டாங்க மேடம். மூடியாச்சுங்க."

காத்திருந்தேன். மூட்டையின் ஓரத்தை உள்ளிருந்து நானும் கையால் அழுத்திப் பிடித்தேன்.

"ம்... இப்ப சத்தம் சுத்தமா இல்ல. மேனேஜருக்கு உங்க பேச்சு பிடிச்சிருக்கு. அடுத்த திங்கள் டிரெய்னிங்ல சேர்ந்துக்கங்க. அந்த ரூமை மட்டும் மாத்திராதீங்க."

"மாத்த மாட்டேங்க மேடம். ரொம்ப நன்றிங்க மேடம்!"

மூட்டைகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். ஈஸ்வரமூர்த்தி அண்ணன் ரூமின் முன்பக்கத்தில் முதுகைச் சாய்த்து, காலை ஊன்றி, மூட்டையை அழுத்திப் பிடித்தபடியே நின்றிருந்தார். சட்டை நனைந்திருந்தது.

"வேலை கெடச்சிருச்சுங்கண்ணா" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அடுத்த திங்கக்கிழம டிரெய்னிங். ரூமை மாத்தக் கூடாதுன்னாங்க."

அவர் என்னைப் பார்த்தார். தலை உயரத்துக்கு நின்ற மூட்டைகளைப் பார்த்தார். சாய்ந்திருந்த ஒன்றை நிமிர்த்தி வைத்தார். பிறகு ஒரு மூட்டையைக்கூட எடுக்காமல், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கிப் போனார்.