சுண்ணம் இடித்த நேரம்

வெள்ளவத்தை மண்டபத்தில் என் கணவரின் உடலருகே சடங்குக்காக வாசனைப் பொருட்களை உரலில் இட்டுச் சுண்ணம் இடித்துக்கொண்டிருந்தார்கள். ஓதப்படும் ஒவ்வொரு சுண்ணப் பாட்டுக்கும் உலக்கை விழ வேண்டும். ஓத வந்த அகிலன் தொலைபேசியைப் பார்த்துப் பாட்டுகளை விழுங்கி விழுங்கி ஓதினான். நடுவில் சில பாட்டுகளையே காணவில்லை.

“தம்பி, நிப்பாட்டும். ஏன் பாட்டுகளை விட்டனீர்?”

“கொட்டாஞ்சேனையில இன்னொரு செத்தவீடு இருக்கு, அன்ரி. சனத்துக்கு உது விளங்கவா போகுது?”

“இவருக்கு விளங்கும். விளங்காத வரியைத் தாண்டி ஒருநாளும் போகாத மனுசன்.”

இடித்துக்கொண்டிருந்த மச்சாளிடம், “முதலில இருந்து இடியுங்கோ” என்றேன். என் கணவர் ஓதும்போது வழக்கமாக நின்று யோசிக்கும் வரிகளில் நின்று, மெதுவாக நானே ஓதினேன். அகிலன் கடிகாரத்தைப் பார்த்தான். பார்க்கட்டும். ஒரு பாட்டையும் நான் விடவில்லை.