ஜெரால்ட் புதுப்பிக்க மறந்த பெயர்

என் வீட்டுக்காரர் ஜெரால்டுக்குப் பந்தியில் உட்காரத் தெரியாது. ராயபுரத்தில் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் வீட்டு ஆட்களுக்குக் கடைசிப் பந்திதான். வந்தவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நம் இலை. அது வழக்கம், சரி. இந்த மனிதரோ பக்கத்துத் தெருக்காரர் கல்யாணத்தில்கூடத் தன்னை வீட்டு ஆளாக்கிக்கொண்டு வாளியைத் தூக்கிவிடுவார். பிரியாணி தீர்ந்து, அடிப்பிடித்த சோற்றையும் தயிர்ப் பச்சடியையும் தின்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே வருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொழிலிலும் அதே புத்திதான் என்பது இரண்டாயிரத்து மூன்றில் ஒரு நாள் தெரிந்தது.

கல்மண்டபம் பக்கத்தில் மாடியில் ஒற்றை அறை, இரண்டு கம்ப்யூட்டர். கடைக்கோ கம்பெனிக்கோ இணையத்தில் பெயர் வேண்டுமென்றால் நாங்கள் பதிந்து கொடுப்போம், வருடாவருடம் புதுப்பித்தும் கொடுப்போம். அமெரிக்காக்காரனிடம் பம்பாய்க்காரன் வாங்குவான், பம்பாய்க்காரனிடம் நாங்கள். திருவொற்றியூர் லேத் பட்டறை முதல் டோல்கேட் கல்யாண மண்டபம் வரை எங்களிடம்தான். ஏதாவது நின்றுபோனால் எங்கள் பக்கத்து ஜனங்கள் போன் செய்துவிட்டுக் காத்திருக்க மாட்டார்கள். படியேறி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். டீ வாங்கிக் கொடுத்து, "அமெரிக்காவுல சர்வர் படுத்துக்கிச்சு" என்போம். பெரும்பாலும் அது உண்மைதான்.

அன்று காலை முதலில் படியேறியவள் வியாசர்பாடி செங்கொடி. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கும் ஒரு முதலாளியிடம் வெகுகாலம் உழைத்துவிட்டு, அப்போதுதான் சொந்தமாகத் தொடங்கியிருந்தாள். அவளுடைய முதல் கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நின்றது. விலை அனுப்பிவிட்டாள். கேப்டனின் ஆர்டர் மெயிலில் வர வேண்டும். மதியத்துக்குள் அவள் பதில் போடாவிட்டால் அந்த ஆர்டர் பழைய முதலாளிக்கே போய்விடும்.

"இன்னாக்கா இது, நேத்து சாயங்காலத்துலேர்ந்து ஒரு மெயிலும் வரல. பேஜாரா கீது" என்றாள்.

ஜெரால்ட் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். லேத் பட்டறை வரவில்லை. மண்டபம் வரவில்லை. அதற்குள் போனும் அடிக்க ஆரம்பித்தது.

"அமெரிக்காவா?" என்றேன்.

அவர் தலையாட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். எங்கள் கம்பெனிக்கென்று சொந்தமாக ஒரு பெயர் உண்டு. வாடிக்கையாளர் பெயர்கள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அது விழுந்தால் அத்தனையும் விழும். அதற்குக் கெடு முடிந்துபோயிருந்தது. நினைவூட்டும் மெயில்கள் வராமல் இல்லை. மற்றவர்களுடையதை எல்லாம் வந்த அன்றே புதுப்பித்த மகராசன், எங்களுடையதை மட்டும் 'நம்மளுதுதானே, கடைசில பாத்துக்கலாம்' என்று விட்டிருக்கிறார்.

தலையில் நாலு போடலாம் போலிருந்தது. ஆனால் தொழில் இருக்கிறதே! "அமெரிக்கான்னே சொல்லு" என்று காதில் கிசுகிசுத்தேன்.

அவர் நாற்காலியைச் செங்கொடி பக்கம் திருப்பினார். "தப்பு என்னுதும்மா. எங்க பேர நான் புதுப்பிக்கல. அதான் உன் மெயிலும் நின்னுபோச்சு."

செங்கொடி விட்டாளா? "யோவ் அண்ணாத்த! என் பொயப்பு உன் கைல கீதுன்னு தெரியும்ல? சோத்துக்கு லாட்டரி அட்ச்சி இந்தக் கப்பலப் புட்ச்சிக்கினு வந்தேன், நீ கூலா மறந்துட்டேன்றியே!" என்று ஆரம்பித்தவள், தெருவில் போனவர்கள் மேலே பார்க்கிற அளவுக்குக் கத்தினாள். கடைசியில் குரல் உடைந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஜெரால்ட் அப்போதே பெயரைப் புதுப்பித்துவிட்டார். ஆனால் அது உலகம் முழுக்கப் போய்ச் சேர மறுநாள் காலை ஆகிவிடும். கேப்டன் அனுப்பியது எங்கோ வழியில் நிற்கிறது. அவரோ இவள் பதில் போடவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

"கப்பலுக்கு ஏஜெண்ட் யாரு?" என்று கேட்டுக்கொண்டே ஜெரால்ட் எழுந்தார். ஒரு தாளில் 'தப்பு எங்களுடையது. நாளைக் காலை சரியாகிவிடும். ஜெரால்ட்' என்று எழுதிக் கதவில் ஒட்டினார். மூன்று பேரும் ஆட்டோவில் ஏறினோம். கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவில் நெளிந்து பீச் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் என் உயிர் போய் வந்தது.

கரையிலிருந்து கப்பலின் வேலைகளைப் பார்க்கும் ஏஜெண்ட் ஆபீசில் கிளார்க் தவசிமுத்து வயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "வேற ஆள வரச் சொல்லலாமான்னு கேப்டன் கேக்கறாரு. இந்தம்மா பதிலே போடலியாமே" என்றார்.

"இந்தப் பொண்ணு மேல ஒண்ணும் தப்பில்ல சார், என்னாலதான். ஒரே ஒரு தடவ பேச வுடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார் ஜெரால்ட். எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

தவசிமுத்து கப்பலைக் கூப்பிட்டு மைக்கை நீட்டினார். செங்கொடி தன்னிடமிருந்த இங்கிலீஷில், மெயில் கெட்டுப்போச்சு கேப்டன், ஆளு நான் இங்கேதான் நிற்கிறேன், சொல்லுங்கள் என்றாள். இரைச்சலுக்கு நடுவில் கேப்டன் ஒவ்வொன்றாகப் படித்தார். கோழி, முட்டை, முட்டைக்கோஸ், அரிசி. மேஜையில் இடமில்லை. ஜெரால்ட் குனிந்து முதுகைக் காட்டினார். ஒரு கையில் மைக், மறு கையில் பேனாவோடு செங்கொடி அவர் முதுகில் தாளை வைத்து எழுதினாள். "ஆடாத நைனா!" என்று நடுவில் ஒரு அதட்டல் வேறு. பட்டியல் முடிந்து கேப்டன் சரி சொன்னதும் அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டே அழுதாள். சாயங்காலம் வேனில் மூட்டை ஏற்றியதும் இவர்தான், முதுகு வலியோடு.

மறுநாள் பெயர்கள் எல்லாம் வந்துவிட்டன. ஆட்களும் வந்தார்கள். "இன்னா ஜெரால்டு, இந்தவாட்டி அமெரிக்கா இல்லியா?" என்று சிலர் சிரித்தார்கள். மண்டபக்காரர் சிரிக்கவில்லை. பெயரை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னார். இவர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்.

கடைசியாகச் செங்கொடி வந்தாள். "நானும் ஒண்ணு மாத்தணும்" என்றாள். இவளும் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"உங்க கம்பெனி பேருக்குக் கெடு முடியுதுன்னு மெயில் வருமே, அத்த என் அட்ரஸுக்கு வர மாரி மாத்து."

"உனுக்கு எதுக்கும்மா?" என்றார் ஜெரால்ட்.

"உனுக்கு வந்தா நீ தொறக்க மாட்டே. எனுக்கு வந்தா வுடுவனா? காலரப் புட்ச்சிக் குந்த வெச்சிப் பண்ண வெப்பேன். உன்ன வுட்டுட்டு வேற எவன்கிட்டப் போறது நானு?"

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஜெரால்ட் அவளுடைய முகவரியை ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். அடித்து முடித்து, திரையை அவள் பக்கம் திருப்பிச் சரிபார்க்கச் சொன்னார்.