ஹிதாயா போட்ட பெரட்டு

"நான் இந்த மலைக்காரி" என்று அன்றைக்கு மட்டும் ஹிதாயா சொல்லாமல் இருந்திருந்தால் இத்தனை கூத்தும் நடந்திருக்காது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? கம்போங் ராஜாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற மூசா பாயின் மகள் அவள். கடைக்கு வருகிறவர்களோடு மல்லுக்கட்டியே வளர்ந்த வாய்.

விஷயம் இதுதான். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஓடாமல் கிடந்த பழைய ஆலையை மியூசியமாக்குவது என்று கம்பெனி முடிவு செய்தது. முதலில் ஒரு கூடம். அது நன்றாக வந்தால் மற்ற அறைகள். சுவருக்குச் சுவர் படம், படத்துக்குக் கீழே மூன்று மொழியில் விளக்கம். எல்லாவற்றையும் வரைந்து வடிவமைத்துக் கொடுக்க ஆள் தேடினார்கள். கோலாலம்பூரிலிருந்து ஒரு டிசைன் கம்பெனி வந்தது. அடேயப்பா, என்ன கோட்டு, என்ன சூட்டு, என்ன ஸ்லைடு! ஹிதாயா ஒரு ஸ்கெட்ச் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தனியாகப் போனாள். இவர்களிடம் இல்லாத சரக்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தாள். "அவங்க படிச்சுட்டு வந்து வரைவாங்க. நான் இந்த மலைக்காரி. எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம்" என்று தோட்டத்துக் கம்பெனி ஆட்கள் எல்லார் முன்னாலும் ஒரே போடாகப் போட்டாள். வேலை அவளுக்குக் கிடைத்துவிட்டது.

மலைக்காரி என்பது பொய்யில்லை. பிறந்தது, வளர்ந்தது, சளி பிடித்தது எல்லாம் இந்தக் குளிரில்தான். ஆனால் படித்தது மலாய்ப் பள்ளியில், தமிழ் எழுத்து வீட்டில் கற்றது, இருந்தது கடைக்கு மேல்மாடியில். அவளுக்குத் தெரிந்த தோட்டம், சம்பளம் போட்டதும் கடைக்குச் சாப்பிட வந்த தோட்டம்தான். அந்தத் தோட்டத்துக்கும் நிஜத் தோட்டத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பது அப்போது அவளுக்கே தெரியாது.

கூடத்துக்குப் பொறுப்பு திருமாறன் என்ற இளைஞர். கிள்ளானில் பிறந்தவர், தேயிலையைத் தூளாக மட்டுமே பார்த்து வளர்ந்தவர். அவர் முன்னாளில் கொழுந்து எடுத்த பெண்கள் சிலரைப் பேசவைத்து, அந்தப் பேச்சைப் பதிவு செய்து ஹிதாயாவின் போனுக்கு அனுப்பினார். "நேர்ல வந்து ஒரு தடவை பேசிக்கிறீங்களா மிஸ்?" என்றும் கேட்டார். "எதுக்கு? எனக்குப் புரியாத தமிழா?" என்றாள் அவள். திமிர்தான், வேறென்ன.

அதில் இராசம்மா என்ற அம்மாள் பேசியது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "விடியிறதுக்கு முன்னயே பெரட்டுக்குப் போயிடணும்மா. கங்காணி நடுவுல நிப்பாரு. நாங்க வரிசையா நிப்போம். அவரு பாத்துப் போடுறதுதான். லேட்டா போனா ஒண்ணும் கெடையாது. நம்மள விட்டுட்டாருன்னா அன்னிக்கு வயித்துல ஈரத் துணிதான்."

இப்போது நீங்களே சொல்லுங்கள். மூசா பாய் கடையில் பெரட்டு என்றால் என்ன? கோழிப் பெரட்டல், ஆட்டுக்கறிப் பெரட்டல். "பெரட்டு, பெரட்டு, அடி பிடிக்குது!" என்று அத்தா அடுப்படியில் கத்துகிற சத்தத்தில்தான் அவள் தினமும் பள்ளிக்கூடத்துக்கு எழுந்தாள். அவள் வேறு எதை நினைப்பாள்?

வரைந்தாள். சுவர் முழுக்க ஒரே படம். பின்னால் பனி மூடிய தேயிலைச் சரிவு. நடுவில் ஆள் உட்கார்ந்து குளிக்கிற அளவுக்கு ஒரு இரும்புச் சட்டி. சட்டிக்குப் பக்கத்தில் தலைப்பாகையும் கோட்டுமாகக் கங்காணி, கையில் துடுப்பு மாதிரி ஒரு கரண்டி. எதிரே முதுகில் கூடையும் கையில் தட்டுமாகப் பெண்கள் வரிசை. சட்டியிலிருந்து கிளம்புகிற ஆவி மேலே போய்ப் பனியோடு கலக்கும். கரண்டி பிடிக்கிற கையை வரைய அத்தாவையே நிற்கவைத்தாள். மூசா பாய் நின்றபடியே ஒரு வார்த்தை கேட்டார்.

"கம்பெனிக்காரன் காலங்காத்தால கறியா போட்டான்? நல்ல கம்பெனிதான் போல."

"அத்தா, ஆடாம நில்லுங்க" என்றாள் மகள்.

படத்துக்குத் தமிழில் 'காலைப் பெரட்டு' என்று தலைப்பு வைத்தாள். மலாயிலும் ஆங்கிலத்திலும் காலைச் சாப்பாடு என்று அவளே மொழிபெயர்த்தாள். திருமாறன் பார்த்தார். கம்பெனி சின்னம் பெரிதாக இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது, சரி என்றார். ஈப்போவில் அச்சாகி வந்து சுவரில் ஒட்டியும் ஆயிற்று. அது எப்படியிருந்தது என்கிறீர்கள்! பார்த்தாலே பசிக்கும்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள், பேசிக் கொடுத்த பெண்களைப் படம் பார்க்க அழைத்திருந்தார்கள். வேனில் வந்து இறங்கினார்கள். முன்னால் இராசம்மா, அறுபதைத் தாண்டியும் நடை தளராத ஆள். அவளுக்கு இணையாக ருக்குமணி, குரல் மட்டும் ஊருக்கே கேட்கும். பின்னால் இன்னும் சில பேர். கொழுந்து எடுக்கிற படத்தைப் பார்த்து "கூடைக் கயிறு சரியா விழுந்திருக்கு" என்றார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீட்டுப் படத்தில் கோழியைப் பார்த்து "இது உன் கோழிதான்டி, திருட்டு முழி" என்றார்கள். ஹிதாயாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்படியே பெரிய படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

ருக்குமணி எழுத்துக் கூட்டித் தலைப்பைப் படித்தாள். சட்டியைப் பார்த்தாள். மறுபடி தலைப்பைப் படித்தாள்.

"இது என்னாம்மா சட்டி?"

"பெரட்டுச் சட்டி ஆன்ட்டி."

அவ்வளவுதான். முதலில் இராசம்மா வாயைப் பொத்தினாள். பொத்தின கைக்குள்ளிருந்து சிரிப்பு பீறிட்டது. ருக்குமணி சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். ஒருத்தி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கங்காணி கையில கரண்டிடீ! பெரம்ப எங்க வச்சிட்டாரு?" "தட்டோட நிக்கிறியே, கறி போதுமா இன்னும் வேணுமா?" கூடமே அதிர்ந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இராசம்மாதான் சொன்னாள். "அடி என் ராசாத்தி, பெரட்டுன்னா கறி இல்லம்மா. பேரு கூப்பிடுறது. விடியக்காலையில ஆபீஸ் முன்னால எல்லாரும் நிக்கணும். கங்காணி பேரு கூப்புட்டு, யாரு எந்த மலைக்குன்னு சொல்லுவாரு. பேரு போட்டாத்தான் அன்னிக்குச் சம்பளம்."

ஹிதாயாவுக்கு முகம் தீயாக எரிந்தது. சிரித்தவர்கள் மேல் கோபமே வரவில்லை. தன் மேல்தான் அத்தனை ஆத்திரமும். யாரும் சொல்லித் தர வேண்டாம் என்று சொன்ன வாயை என்ன செய்வது?

சத்தம் கேட்டுத் திருமாறன் ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஐயோ, நாளைக்குத் தலைமை ஆபீஸ்லேருந்து திலகா மேடம் வராங்க. இந்தக் கூடத்தைப் பாத்துட்டுத்தான் மத்த ரூமெல்லாம் யாருக்குன்னு முடிவு பண்ணுவாங்க. ஈப்போவுல மறுபடி அடிச்சு ஒட்டவும் டைம் இல்ல." தலையைப் பிடித்துக்கொண்டவர், மெதுவாகச் சொன்னார். "மலைக்காரின்னு சொன்னீங்களே மிஸ்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இது சுருக்கென்று தைத்தது. மற்ற அறைகள் போனால் போகட்டும், வேறு வேலை வரும். இந்த மலையில் பிறந்து, இந்த மலைக்காரிகளைப் பற்றியே தப்பாக வரைந்தவள் என்று பேரெடுத்தால் அப்புறம் எந்த ஊரைச் சொல்லிக்கொள்வது? 'நீங்களும்தானே சரின்னு சொன்னீங்க' என்று ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள்.

"ஆன்ட்டி, பெரட்டு எப்படி நடக்கும்னு நின்னு காட்டுறீங்களா?" என்றாள்.

எதிர்ச் சுவர் வெள்ளையாகக் கிடந்தது. வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ள விட்டிருந்த இடம். காரிலிருந்து கறுப்புப் பெயின்டும் தூரிகைகளும் எடுத்து வந்தாள். சொல்ல வேண்டுமா? ருக்குமணி உடனே சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு கங்காணி ஆகிவிட்டாள். குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் வரிசை கட்டினார்கள்.

"இராசம்மா!"

"இருக்கேன்யா!"

"நேத்து ஏன் வரல?"

"காய்ச்சல்யா."

"காய்ச்சலா? ரிங்லெட் டவுனுல சுத்துனியாமே!"

சிரிப்பு. கதவோரம் நின்ற திருமாறனைக் குடையால் காட்டி, "டேய், இப்பத்தான் வர்றியா? பேரு கெடையாது, வீட்டுக்குப் போ!" என்று ருக்குமணி ஒரு அதட்டு அதட்டினாள். பாவம், அந்த மனிதர் நிஜமாகவே வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தார்.

ஹிதாயா சுவரில் கோடு இழுத்துக்கொண்டே பார்த்தாள். அவர்கள் வாய்தான் சிரித்தது. பேர் கூப்பிட்டதும் ஒவ்வொருத்தியும் முதுகை நிமிர்த்தினாள், கை தானாகப் போய்க் கட்டிக்கொண்டது. யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. அவள் அந்தக் கைகளைத்தான் முதலில் வரைந்தாள். தோள், முகம், கூடை எல்லாம் அப்புறம். எங்காவது தப்பினால் பின்னாலிருந்து குரல் வந்தது. "அவ்வளவு கிட்ட நிக்க மாட்டோம்லா!" அழித்தாள், வரைந்தாள், மறுபடி கேட்டாள். பொழுது சாய்வதற்குள் பெரட்டு, நிஜப் பெரட்டு, எதிர்ச் சுவரில் வந்து நின்றது.

மிச்சம் இருந்தது சட்டிப் படம். திருமாறன் சுரண்டுகிற கத்தியோடு வந்தார். ஹிதாயா அதை வாங்கிக்கொண்டாள். "நான் போட்டது, நானே உரிக்கிறேன்." ஒரு மூலையைக் கிளப்பினாள். கையே வரவில்லை, ஆனாலும் கிளப்பினாள்.

"ஏய், இரு புள்ள!" என்று இராசம்மா வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். "அத ஏன் கிழிக்கிற?"

"தப்பா போட்டுட்டேனே ஆன்ட்டி."

"தப்புத்தான், யாரு இல்லேன்னா? ஆனா கேளு. கல்யாணம் ஆகுறதுக்கு முன்னருந்து நான் பெரட்டுல நின்னவ. பனியில, மழையில, வெறும் வயித்தோட நின்னுருக்கேன். புள்ளத்தாச்சியா நின்னுருக்கேன். ஒரு நாளாச்சும் ஒரு கங்காணி, ஒரு தொரை, சாப்டியான்னு கேட்டதில்ல. இத்தன வருஷத்துல எங்க வரிசைக்குக் கறி போட்டவ நீ ஒருத்திதான். அதையும் உரிச்சிடுவியா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ருக்குமணி தலையிலிருந்த சால்வையை அவிழ்த்து மடித்தாள். ஹிதாயா கத்தியைக் கீழே வைத்தாள்.

"மியூசியத்துல பொய்யை மாட்டக் கூடாதே" என்றார் திருமாறன். அவர் சொன்னதும் நியாயம்தான்.

"பொய்யை மாட்ட வேணாம். தப்புன்னே எழுதிடுவோம்" என்றாள் ஹிதாயா. பழைய விளக்கத்தை மட்டும் உரித்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன் கையாலேயே எழுதினாள். 'பெரட்டு என்றால் பெரட்டல் என்று நினைத்து வரைந்தது. இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. நடந்தது எதிர்ச் சுவரில் இருக்கிறது.' மூன்று மொழியிலும் எழுதினாள்.

மறுநாள் கூடம் நிறைந்துவிட்டது. பெண்கள் பட்டுச் சேலையில் வந்திருந்தார்கள். மூசா பாய் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் புதுத் தொப்பியோடு வந்திருந்தார். திலகா மேடம் சிரிப்பே இல்லாத முகத்தோடு ஒவ்வொரு படமாக நின்று பார்த்தார். பெரிய படத்துக்கு முன்னால் வந்தார். விளக்கத்தைப் படித்தார். திரும்பி எதிர்ச் சுவரைப் பார்த்தார். மறுபடி வந்து சட்டியைப் பார்த்தார். திருமாறன் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"இது யாரு போட்டது?"

"ரெண்டும் நான்தான் மேடம்" என்றாள் ஹிதாயா. "மொதல்ல எனக்கே தெரியும்னு நெனச்சுப் போட்டேன். அப்புறம் இவங்களக் கேட்டுப் போட்டேன்."

திலகா மேடம் இரண்டு சுவருக்கும் நடுவில் போய் நின்றார். "ரெண்டையும் சேத்துப் பாத்தாத்தான் விஷயமே புரியுது. மத்த ரூமையும் நீங்களே செய்யுங்க" என்றார். ஹிதாயா மூச்சு விடுவதற்குள் உதட்டோரம் ஒரு சிரிப்போடு இன்னொன்றும் சொன்னார். "ஆனா மலைக்காரின்னு மட்டும் இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஹிதாயாவும் சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. வேலை கிடைத்துவிட்டது, அந்த ஒரு வார்த்தை போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது எப்படி மேடம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டத்தை விலக்கிக்கொண்டு இராசம்மா முன்னால் வந்தாள். "கோலாலம்பூருலேருந்து ஒருத்தன் வந்திருந்தா, புத்தகத்தப் பாத்துச் சரியா போட்டுட்டு, பில்ல நீட்டிட்டுப் போயிருப்பான்லா. பெரட்டுன்னதும் இவளுக்குத்தான் சட்டி ஞாபகம் வந்துச்சு. ஏன் வந்துச்சு? இந்தா நிக்கிறாரே மூசா பாய், இவரு கடைச் சட்டி அது. இந்த மலையில பொறந்தவளத் தவிர வேற எவளுக்கு வரும் இந்தத் தப்பு?"

மூசா பாய் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். ஹிதாயா நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது, வாய் காது வரைக்கும் சிரித்தது.

"நீ சொல்லு புள்ள, சத்தமா சொல்லு" என்றாள் இராசம்மா. "எந்த ஊருக்காரி நீ?"