காமனைப் போகச் சொன்னவள்

பொகவந்தலாவைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஆண்டியப்பன் கங்காணி காமன் வேஷம் கட்டினால், மூன்று மலைக்கு அப்பால் மேய்கிற மாடுகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும். பத்தொன்பது மாசியாக அவர்தான் காமன். சிவனின் தவத்தைக் கலைக்கச் சொல்லி இந்திரன் ஏவுவான், மனைவி ரதி காலைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள் என்று அழுவாள், அவளை உதறிவிட்டுப் போய் எரிந்து சாம்பலாவார். அந்த வீரமெல்லாம் வீட்டு வாசலில் செருப்போடு கழன்றுவிடும். உள்ளே மனைவி பிரேமினி இருந்தாள். அவள் ஒரு பார்வை பார்த்தால் கொதிக்கிற தேத்தண்ணி தானாக ஆறிவிடும்.

இந்த வருஷம் காமனுக்குக் காப்புக் கட்டிய மூன்றாம் நாள், ஏழாம் நம்பர் மலையில் குளவி கொட்டியது. கொழுந்தெடுக்கப் போன தனுஷிகா ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். கூட்டைக் காலையிலேயே பார்த்தவர் ஆண்டியப்பன். தோட்டத்து உதவி மேலாளரான சின்னதுரையிடம் சொல்லவும் செய்தார். பரவாயில்லை, அனுப்பு என்றார் துரை. இவரும் அனுப்பிவிட்டார். இப்போது விசாரணை. கூடு இருந்தது யாருக்கும் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால், பெரிய கங்காணி நீதான் என்று துரை காதோடு சொல்லியிருந்தார்.

இரண்டு நாள் யோசித்து ஆண்டியப்பன் ஒரு வழி கண்டுபிடித்தார். காப்புக் கட்டியவர் காமனை எரிக்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. விசாரணையோ ஹட்டனில். பொய்யும் வேண்டாம், உண்மையும் வேண்டாம்.

இதை அவர் பெருமையாகச் சொன்னபோது பிரேமினி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு அந்த மாவு வாங்கிய குத்தை எந்த எதிரியும் வாங்கியிருக்க மாட்டான். மறுநாள் பஸ் ஏறிப் போய், விசாரிக்கும் அதிகாரியிடம் சிங்களத்திலேயே பேசினாள். அவள் பேசிய வேகத்தில் அந்த ஐயா கதிரையோடு இரண்டடி பின்னால் போனாராம்.

"அவரே இங்க வர்றாருங்க," என்றாள் திரும்பி வந்து.

"என்ன புள்ள, எம் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டியே?"

"காப்புக் கட்டுன ஆளு எல்லையத் தாண்டக் கூடாதுன்னா, பொய் மட்டும் சொல்லலாமா? இந்திரன் சொன்னான்னு வருஷா வருஷம் எரியிறீங்க. அந்தப் புள்ளைக்காக ஒரு தடவ எரிங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

நின்றாள். அதிகாரி எழுதத் தயாராக இருந்தார். சின்னதுரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷம் மலையை அதிரவைத்த தொண்டையிலிருந்து, பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது.

"கூட்டப் பாத்தேனுங்க. தொரகிட்ட சொன்னேன், அனுப்பச் சொன்னாரு. ஆனா அனுப்புனது நாந்தாங்க."

மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்களின் பெயர் கூப்பிட்டபோது, கங்காணிமாரோடு அவர் பெயர் வரவில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் ஆட்களில் கடைசியாகக் கூப்பிட்டார்கள். தனுஷிகாவின் அம்மா அவர் முகத்தைப் பார்க்காமலே தாண்டிப் போனாள். பிரேமினி மட்டும் கவ்வாத்துக் கத்தியை, விட்டால் மலையையே சீவிவிடும் என்கிற அளவுக்குத் தீட்டிக் கொடுத்தாள்.

காமன் எரியும் நாள் வந்தது. ரதி வேஷத்துக்காக மீசையைத் தியாகம் செய்திருந்த ஜீவராஜ், ஆறு பெருக அழுது ஆண்டியப்பனின் காலைக் கட்டிக்கொண்டான். ஆண்டியப்பன் உதறவில்லை. வசனத்தை விட்டுவிட்டுக் கூட்டத்தில் யாரையோ தேடினார்.

முன்வரிசையில் பிரேமினி உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, போங்க என்று தாடையால் காட்டினாள்.

போனார்.