ஓமவல்லி எண்ணெய் போன இடம்

மூன்றாவது தடவையாகத் தம்பி நீட்டிய அறிக்கையைப் பார்த்ததும் அக்காவுக்கு உச்சந்தலை சுள்ளென்றது. ஓமவல்லி இலையில் வாசனைக்குக் காரணமான தைமால் இல்லை, கார்வக்ரால் இல்லை, எண்ணெய் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லையாம். இருமல் மருந்துக்கு உயிரே அதுதான்!

மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் இலையைச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பது அவள் வேலை. அதே இலையில் என்னென்ன வேதிப்பொருள் இருக்கிறது என்று சொல்வது தம்பியின் வேலை. இயக்குநரின் கையைக் காலைப் பிடித்து அவள்தான் அவனை உள்ளே நுழைத்தாள்.

“இங்க வா. கண்ணைத் தொறந்து பாரு.”

கண்ணாடித் தகட்டில் இலையின் மெல்லிய குறுக்குவெட்டு. தோலின் மேல் குட்டை ரோமங்கள், அவற்றின் உருண்டைத் தலைகளில் மஞ்சளாக எண்ணெய் ததும்பியது.

“இது என்ன, பச்சத் தண்ணியா?”

“எண்ணெய்தான்க்கா. ஆனா நீ காயவெச்சுக் குடுக்குற இலைல வாசனையே இல்லயே.”

“சளி புடிச்ச மூக்கை வெச்சுக்கிட்டு வாசனையைப் பத்திப் பேசாத!”

காலையில்தான் இயக்குநரிடம் போய், “என் தம்பின்னு பாக்காதீங்க சார்” என்று கொட்டித் தீர்த்திருந்தாள். அவரும் பார்க்கவில்லை. மாதக் கடைசியோடு அவனை நிறுத்திவிடுவதாகச் சொல்லிவிட்டார். தம்பிக்கு அது தெரியாது. கோள் சொன்னது அவளையே அரித்தது. அந்த எரிச்சலும் அவன் தலையிலேயே விடிந்தது.

“அடுத்ததையாவது ஒழுங்கா பண்ணித் தொலை.”

சொல்லிக்கொண்டே, சீவியது போக மீந்த இலைகளை ஸ்பிரிட் ஜாடிக்குள் போட்டாள். வாடாமல், பூஞ்சை பிடிக்காமல் இருக்க இலை சீவுகிறவர்கள் செய்வதுதான். ஒரு நாள் ஊறியதும் எடுத்துக் காயவைத்துத் தம்பியிடம் கொடுப்பாள்.

தம்பி ஜாடியையே பார்த்தான். “எனக்குக் குடுக்குற இலையையுமா இதுல போடுற?”

“பின்ன? அழுகவிட்டுக் குடுக்கவா?”

“அக்கா, இதுல ஊறினா எண்ணெய் பூரா கரைஞ்சு எறங்கிடுமே. மிஞ்சுற ஸ்பிரிட்டை என்ன பண்ணுவ?”

தொட்டியில் கொட்டுவாள். ஒவ்வொரு தடவையும் கொட்டினாள். அப்போதெல்லாம் ஆய்வகமே கமகமத்தது. நல்ல சரக்கு என்று பூரித்துப்போகக்கூடச் செய்தாள்! தன்னையே நாலு அறை அறைய வேண்டும்போல இருந்தது.

தம்பி சிரித்துவிட்டான். “விடுக்கா. நல்லவேளை, நமக்குள்ளயே போச்சு. சார் காதுக்குப் போயிருந்தா என் வேலை என்னாயிருக்கும்!”

அவள் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு, இயக்குநரின் அறைக் கதவைத் தட்டினாள். அவர் தலையை நிமிர்த்தாமலே சலித்துக்கொண்டார்.

“என்னம்மா, மறுபடியும் தம்பி புராணமா?”

“இல்ல சார். இது என் புராணம்.”