இலை வண்டிக்குப் பின்னால் எட்டு மீட்டர்

கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த வழிகாட்டிக் கருவி இரண்டு தடவை மெல்ல ஒலித்து, போன் இணைப்பு அறுந்துவிட்டதாகத் திரையில் காட்டியபோது எங்கள் கார் அசையாமல் நின்றிருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. கார் கிளம்பிப் போயிருந்தால் போன் பின்னால் தங்கிவிட்டது என்று அர்த்தம். கார் நிற்கும்போது இணைப்பு அறுந்தால், போன்தான் கிளம்பிப் போயிருக்க வேண்டும்.

“அன்பு, உன் போன் எங்க?” என்றேன் காருக்குள் இருந்தபடி.

பிரான்சிஸ் டீக்கடை வாசலில் நின்றிருந்த அன்புக்கரசி ஒரு கையில் டம்ளரும் மறு கையில் பன்னுமாகத் திரும்பினாள். இடுப்பைத் தடவினாள். பிறகு, கடை முன்னால் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். செத்த நேரம் முன்பு வரை அங்கே ஒரு குட்டியானை, சின்ன சரக்கு வண்டி, நின்றிருந்தது. பின்கதவை இறக்கிவிட்டு, வாழை இலைக் கட்டுகளை இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தார்கள்.

“இலைக்கட்டு மேல வச்சேன் பாய்,” என்றாள். “மேசை மாதிரி இருந்துச்சு.”

மணி இரண்டு நாற்பது. அன்புக்கரசிக்கு மூன்று மணிக்கு ஒரு அழைப்பு வரவேண்டியிருந்தது.

அவள் ஏழு வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறாள். கார் அவளுடையது அல்ல. உரிமையாளர் மாதக் கடைசியில் விற்கப்போகிறார். அதற்குப் பிறகு அவள் கைக்கு ஸ்டியரிங் கிடையாது. மதுரைக்காரர்களின் ஆம்புலன்ஸ் நிறுவனம் ஒன்று திண்டுக்கல்லில் கிளை திறந்து ஓட்டுநர் எடுத்தது. முதல் தேர்வு போனில். மூன்று மணிக்குக் கூப்பிடுவார்கள். எடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். எந்த எண்ணிலிருந்து என்று சொல்லவில்லை.

அந்த நிறுவனத்தின் வண்டிகளில் ஓட்டுநர் போனைக் கையில் தொடக்கூடாது. கண்ணாடியில் ஒட்டிய வழிகாட்டிக் கருவிதான் எல்லாம். அதைப் பழகிக்கொள்ளத்தான் அவள் நாகல் நகரில் இருக்கும் என் கார் சாமான் கடைக்கு வந்தாள். எல்லோரும் போனிலேயே வழி பார்க்க ஆரம்பித்த பிறகு இந்தக் கருவிகள் என் அலமாரியில் சும்மாதான் இருக்கின்றன. ஒருத்தர் கேட்டு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையைச் சாத்திவிட்டு அவள் காரிலேயே ஏறிக்கொண்டேன்.

காலையிலிருந்து அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான். இந்தக் கருவி வழி காட்ட டவர் வேண்டாம். வரைபடம் அதற்குள்ளேயே இருக்கிறது, இருக்கும் இடத்தை மட்டும் செயற்கைக்கோளைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. சிறுமலை அடிவாரத்தில் போன் செத்தாலும் இது சாகாது. ஆனால் பேச்சு வேறு கதை. பேச்சில் கருவி வெறும் காதும் வாயும்தான். அழைப்பு வருவது போனுக்கு. போன் அதை புளூடூத் அலையில் கருவிக்குக் கடத்துகிறது. அந்த அலை பத்து மீட்டர் வரைக்கும் தாக்குப்பிடிக்கும்.

“அப்ப போன் பத்து மீட்டருக்குள்ள எங்க இருந்தாலும் நான் இதுல பேசலாம்,” என்று அவள் அப்போது சொன்னாள். படித்த பிள்ளைகளே அரை மணி நேரம் கழித்துத்தான் அந்த இடத்துக்கு வருவார்கள்.

பிரான்சிஸ் அடுப்பை விட்டு வெளியே வந்தார். “அது அய்யனார் வண்டிமா. தாடிக்கொம்புல கல்யாண மண்டபத்துக்கு இலை போகுது. நம்பர் இருக்கு, போட்டுப் பாக்கேன்.” போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. “எடுக்க மாட்டான். வண்டியில ஏறிட்டா எமனே கூப்பிட்டாலும் எடுக்க மாட்டான்.”

“நல்ல டிரைவரு,” என்றாள் அன்புக்கரசி, பன்னை விழுங்கிக்கொண்டு. “பாய், நீங்க ஓட்டுங்க.”

“நானா? ஏம்மா, நீதான டிரைவரு.”

“நான் பேசணும். ஓட்டிக்கிட்டே பேசுனேன்னா அந்த வேலைக்கே நான் லாயக்கில்ல.”

நான் காரைப் பற்றி நிறையத் தெரிந்தவன். ஓட்டுவது கொஞ்சம் குறைவு. முதல் கியரிலேயே ஒரு தடவை வண்டியை அணைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தாடிக்கொம்பு சாலையில் ஒரு பக்கத்தைக் குழாய்க்காகத் தோண்டிப்போட்டிருந்தார்கள். மீதிப் பாதையில் எல்லா வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தது. எங்களுக்கு அது நல்லதாயிற்று. நாலு வண்டிக்கு முன்னால் பச்சையாகத் தெரிந்தது. இரண்டு பைக்குகள் ஒதுங்கின, ஒரு ஆட்டோ இடப்பக்கம் பிரிந்தது, ஒரு மினி பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றது. இலை வண்டிக்கு நேர் பின்னால் வந்துவிட்டோம். கருவி ஒலிக்கவில்லை.

“போன் உள்ள இருக்கா, விழுந்துருச்சா?” என்றாள்.

“இருக்கும்மா. இலைக்குள்ள சரிஞ்சிருக்கும். இலையில பெரும்பங்கு தண்ணி. இந்த அலைக்குத் தண்ணி ஆகாது, உறிஞ்சிரும். அதனால பத்து மீட்டர் வராது. இன்னுங் கொஞ்சம் கிட்டக்கப் போனா...”

சொல்லி முடிக்கும் முன் கருவி ஒலித்தது. போன் இணைந்துவிட்டது. பின்கதவுக்கும் எங்கள் கார் மூக்குக்கும் இடையே எட்டு மீட்டர் இருக்கும். எனக்கு உண்மையிலேயே கைதட்ட வேண்டும் போல இருந்தது.

“ஹாரன் அடிச்சு நிறுத்துங்க பாய்.”

ஹாரனில் கை வைத்தேன். அந்த நொடியில் திரை முழுக்க ஒரு எண் வந்து நின்றது, கார் முழுக்க மணி அடித்தது. மணி இரண்டு ஐம்பத்தெட்டு. அவர்கள் கொஞ்சம் முந்திக்கொண்டார்கள்.

அன்புக்கரசி என் கையைத் தட்டிவிட்டு, திரையில் பச்சையைத் தொட்டாள்.

“வணக்கம். அன்புக்கரசி பேசுறேன்.”

“வணக்கம்மா, தீபா பேசுறேன். பேச வசதியான இடத்துல இருக்கீங்களா?”

அன்புக்கரசி முன்னால் ஆடிக்கொண்டு போகும் இலைகளைப் பார்த்தாள். “இருக்கேன் மேடம். வண்டிய வேற ஒருத்தர் ஓட்டுறாங்க. நான் பக்கத்து சீட்டு.”

இனி ஹாரன் அடிக்க முடியாது. முந்திப் போகவும் வழியில்லை. வலப்பக்கம் குழி, இடப்பக்கம் மண்மேடு. நான் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்த எட்டு மீட்டரைக் காப்பாற்றுவது. அய்யனார் மெதுவாகப் போனால் நானும் மெதுவாக, அவர் நின்றால் நானும் நிற்க. அன்புக்கரசி வாயால் தீபாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டு, இடது கையால் எனக்குக் கியர் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு விரல் என்றால் இரண்டாவது கியர். உள்ளங்கையைத் தாழ்த்தினால் பிரேக்கை மிதிக்காதே, தடவு.

தீபா ஊர்ப் பாதைகளைக் கேட்டார். பேகம்பூரிலிருந்து அரசு மருத்துவமனைக்கு வெள்ளிக்கிழமை மதியம் எப்படிப் போவீர்கள் என்றார். தொழுகை விடுகிற நேரம், பள்ளிவாசல் தெருவைத் தொடவே மாட்டேன், சுற்றினாலும் நாலு நிமிடம் மிச்சம் என்றாள். பேகம்பூரில் பிறந்த நான் தலையாட்டினேன்.

“நோயாளியோட வர்றவங்க, வேகமாப் போ, வேகமாப் போன்னு கத்துவாங்க. என்ன செய்வீங்க?”

“கத்த விட்டுருவேன் மேடம். பயத்துலதான கத்துறாங்க. காது கேக்கும், காலு கேக்காது.”

அந்தப் பக்கம் யாரோ ஒரு ஆண் சிரித்தது கேட்டது.

“முன்னால போற வண்டிக்கும் உங்களுக்கும் எம்புட்டு இடைவெளி விடுவீங்க?”

“மீட்டர்ல வச்சுக்கிறது இல்ல மேடம். முன்னால போறவர் ஒரு கம்பத்தத் தாண்டுனா, நான் அதே கம்பத்தத் தாண்ட ரெண்டு செகண்டு ஆகணும். மழைன்னா நாலு.”

எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்தது. மனசுக்குள் கணக்குப் போட்டேன். நாங்கள் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். அப்படியென்றால் வினாடிக்கு நாலு மீட்டர். இரண்டு வினாடிக்கு எட்டு. அவளுடைய விதியும் என் கருவியின் எல்லையும் சரியாக ஒரே அளவில் பொருந்தியிருந்தன. நான் ரசித்துக்கொண்டிருக்கும்போதே தோண்டிப்போட்ட இடம் முடிந்துவிட்டது.

அய்யனார் முன்னால் வெட்டவெளியைப் பார்த்தார். இலை வாடுவதற்குள் மண்டபம் போக வேண்டும். வண்டி முப்பதைத் தொட்டது, நாற்பதைத் தொட்டது. நானும் மிதித்தேன். எட்டு மீட்டரை விடவில்லை. நாற்பதில் வினாடிக்குப் பதினோரு மீட்டர். அவளுக்கு வேண்டியது இருபத்திரண்டு, என் கருவி கொடுப்பது எட்டு. இது எனக்கும் தெரியும். ஆனாலும் இன்னும் இரண்டு கேள்விதான், ஒட்டிக்கொண்டே போய்விடலாம் என்று நினைத்தேன்.

அன்புக்கரசி உள்ளங்கையைத் தாழ்த்தினாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அவள் என் தோளைத் தொட்டாள்.

“அடுத்த கேள்வி,” என்றார் தீபா.

“மேடம், ஒரு நிமிஷம். இப்ப லைன் கட்டாகும். வேற நம்பர்லருந்து நானே கூப்பிடுறேன்.” பிறகு என்னிடம், குரலை உயர்த்தாமல்: “விடுங்க பாய்.”

காலை எடுத்தேன். இலைகள் தூரமாகிக்கொண்டே போயின. தீபாவின் குரல் “என்னம்மா...” என்பதோடு கரகரத்து நின்றது. கருவி இரண்டு தடவை ஒலித்தது. உடனே, அத்தனை நேரம் பேச்சுக்காக வாயை மூடியிருந்த வழிகாட்டிக் குரல், காலையில் நான் போட்டுவைத்த பேகம்பூர்ப் பாதையை ஞாபகம் வைத்துக்கொண்டு, வழி கிடைத்தவுடன் வண்டியைத் திருப்பச் சொன்னது.

“எதுக்கும்மா விடச் சொன்ன? வேலை போகப்போகுது,” என்றேன்.

“ரெண்டு செகண்டுன்னு சொல்லி வாய மூடல. அதுக்குள்ள ஒட்டிக்கிட்டுப் போகவா? ஓரமா நிறுத்துங்க. உங்க போனக் குடுங்க.”

“நம்பர் தெரியாதே.”

அவள் திரையில் இரண்டு தடவை தொட்டாள். கடைசியாக வந்த அழைப்பின் எண் அங்கே நின்றது. கருவி வாயும் காதும் மட்டுமல்ல, அதற்குச் சின்ன நோட்டு ஒன்றும் உண்டு; தன் வழியாகப் போன எண்களைக் குறித்துவைத்துக்கொள்ளும். முதல் மணி அடித்ததுமே நாங்கள் அந்த வண்டியைத் துரத்த வேண்டிய அவசியம் தீர்ந்துவிட்டது. அதை அவளுக்குக் காலையில் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

“இம்புட்டு வெளக்கம் சொல்ற ஆளு,” என்றாள் அவள், என் போனில் எண்ணை அழுத்திக்கொண்டே.

ஒரே மணியில் எடுத்தார்கள். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“மேடம், அன்புக்கரசி. என் போன் முன்னால போன இலை வண்டியில மாட்டிக்கிச்சு. காருல இருக்க கருவி வழியாப் பேசிக்கிட்டு இருந்தோம். அந்த வண்டி வேகமெடுத்துருச்சு.”

தீபா கேட்டார்: “அதே மாதிரி பின்னாலயே போயிருந்தா லைன் இருந்திருக்குமா?”

“இருந்திருக்கும் மேடம். நாப்பதுல எட்டு மீட்டர்ல போகணும்.”

“போகலாமே. இது உங்க இன்டர்வியூ.”

“அவரு பிரேக் போட்டா இன்டர்வியூ இல்ல மேடம், இலைக்குள்ளதான் போயி நிப்போம்.”

இந்தத் தடவை ஆண் குரல் சத்தமாகவே சிரித்தது. தீபா சிரிக்கவில்லை, எதையோ எழுதும் சத்தம் கேட்டது. “திங்கக்கிழமை ஒன்பது மணி. அசல் லைசென்ஸ் கொண்டு வாங்க. எங்க வண்டிய ஓட்டிக் காட்டணும்.”

“வாரேன் மேடம்.”

“முதல்ல போய் போன எடுங்க.”

அன்புக்கரசி போனை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கி, என் பக்கத்துக் கதவைத் திறந்தாள். “அந்தப் பக்கம் போங்க பாய். கிளட்ச் பாவம்.”

தாடிக்கொம்பு மண்டபத்தில் இலைக் கட்டுகளைப் பாதி இறக்கியிருந்தார்கள். கார் வாசலில் நின்றதும் கருவி ஒலித்தது. கண்ணாடியிலிருந்து அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனேன். அதற்குச் சொந்த பேட்டரி உண்டு. அதிலிருந்து அவள் போனுக்கு மணி அடிக்க முடியாது, அது பேசுவதே அந்தப் போன் வழியாகத்தான். என் போனிலிருந்து அடித்தேன். கருவி முந்திக்கொண்டு என் கையில் அலறியது. அதை அமர்த்திவிட்டு மறுபடி அடித்தபோது, மூன்றாவது வரிசையில், ஈர இலைக்குள்ளிருந்து கேட்டது.

சட்டையைத் தோளில் போட்டிருந்த அய்யனார் இலைக்கட்டை இழுத்து, போனை எடுத்து, வேட்டியில் துடைத்துக் கொடுத்தார்.

“கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் வந்தேன்,” என்றார். “அம்புட்டு நேரம் பின்னாலயே வந்தீகளே, ஒரு ஹாரன் அடிச்சிருக்கலாம்ல?”

“முக்கியமாப் பேசிக்கிட்டு இருந்தோம்ணே,” என்றாள் அன்புக்கரசி.